பெருமாள் வராத படம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்தப் படத்தில் பெருமாள் வரவில்லை. வருவார் என்று வீட்டில் அடித்துச் சொன்னவள் நான்தான். எனக்கு அப்போது எட்டு வயது. கடைவாயில் ஒரு சொத்தைப் பல் இருந்தது. வினையெல்லாம் அந்தப் பல்லிலிருந்துதான் ஆரம்பித்தது.

எங்கள் ஊர் மதுரைக்கும் மேலூருக்கும் நடுவில், சாலையை விட்டு ஒரு மைல் உள்ளே தள்ளி இருந்தது. வடக்கே பார்த்தால் அழகர்மலை தெரியும். வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை. அத்தையின் புருஷன் கல்யாணமான ஆறாம் மாதம் ரங்கூனுக்கு ஓர் அரிசிக் கடை வேலைக்குப் போனவர். அதனால் எனக்கு அவர் ரங்கூன் மாமா. முகம் ஞாபகமில்லை. ஆனால் அவர் சோற்றை நான் தினமும் சாப்பிட்டேன்.

அது எப்படியென்றால், சாயங்காலம் உலைக்கு அரிசி அளந்து முடித்ததும் அத்தை தனியாக ஒரு பிடி அள்ளிப் போடுவாள். "இது அவுகளுக்கு" என்பாள். தூரதேசம் போனவர் பேரில் தினமும் ஒரு பிடி விழுந்தால், அவர் எங்கிருந்தாலும் பசியில்லாமல் இருப்பார், வீடு வந்து சேருவார் என்று எங்கள் வீட்டுப் பெண்களுக்கு நம்பிக்கை. அந்தப் பிடி சோறு மிஞ்சும். தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் பழைய சோறாகி, மோரும் சின்ன வெங்காயமும் சேர்ந்து எனக்கு வரும். ரங்கூன் மாமா சோறு என்றே அதற்குப் பேர். யுத்தம் வந்து, ரங்கூனில் குண்டு விழுந்து, கடுதாசி நின்று ஒரு வருஷம் தாண்டிய பிறகும் அந்தப் பிடி நிற்கவில்லை. அங்கிருந்து காடும் மலையுமாக நடந்தே வந்தவர்கள் ஒருத்தர் இரண்டு பேராக ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மாமா வரவில்லை.

அந்த மாசி மாதம் மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு ஆள் வந்தார். மாமாவோடு சேர்ந்து நடந்தவராம். கன்னமெல்லாம் ஒட்டிப்போயிருந்தது. அப்பாவைக் களத்துமேட்டுக்குக் கூட்டிப்போய் ஏதோ பேசிவிட்டு, எங்கள் வீட்டுப் படி ஏறாமலே போய்விட்டார். அப்பா நேரே வீட்டுக்கு வரவில்லை. கிணற்றடிக்குப் போய், கட்டிய வேட்டியோடு தலையில் நாலு வாளி இறைத்து ஊற்றிக்கொண்டு, சொட்டச் சொட்ட வந்தார். காலையிலேயே குளித்த மனுஷன். அப்போது மத்தியானம் மூன்று மணி இருக்கும்.

"என்ன சொன்னாரு அண்ணே?" என்றாள் அத்தை.

"ஒரு வெவரமும் இல்லம்மா. வழியில பிரிஞ்சுட்டாகளாம். வருவாரு, வருவாரு."

"தலை நனைஞ்சிருக்கே?"

"வெக்கை தாங்கல."

அத்தை அந்த வேட்டி சொட்டுவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய் அரிசி அளந்தாள். பிடியும் போட்டாள். எனக்கும் வெக்கையாக இருக்கிறது, நானும் கிணற்றில் குளிக்கிறேன் என்று கேட்டதற்கு அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். கேட்டது அவ்வளவு பெரிய குற்றமா என்று அன்று முழுக்க எனக்கு ஆறவில்லை.

பங்குனியில் பல்வலி பொறுக்க முடியாமல் என்னைப் பஸ் ஏற்றி மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே அம்மாவின் தம்பி ஒரு ஜவுளிக்கடையில் இருந்தார். மதுரை மாமா என்றால் வாய்க்கு நூறு கஜம் நீளம். பல்லைப் பிடுங்கிய வைத்தியரிடம் நான் போட்ட கூச்சலில் மாமாவே பயந்துபோய், அழாமல் இருந்தால் சினிமா காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டார். அப்படித்தான் வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு மத்தியான ஆட்டத்துக்குப் போனேன். பார்த்த படம் எனக்கு மறந்துவிட்டது. இடைவேளையில் காட்டினார்களே ஒரு துண்டு, அது மட்டும் இன்றுவரை அப்படியே நிற்கிறது.

வரப்போகிற படத்தின் துண்டு அது. இன்றைக்கு அதை டிரெய்லர் என்கிறார்கள். மதுரை மாமா அதை 'சாம்பிள்' என்றார், ஜவுளிக்கடையில் துணி வெட்டிக் காட்டுவதுபோல. அந்தப் படத்தில் மனுஷர்களே கிடையாது. எல்லாம் கையால் வரைந்தது. வரைந்த பொம்மை நடந்தது, மூச்சு விட்டது. ஒரு குளம், அதில் தாமரை. ஒரு யானை இறங்கி வந்து துதிக்கையால் ஒரு பூவைப் பறித்தது. தண்ணீருக்கு மேல் இரண்டு கண்கள் எழுந்தன. முதலை! வாயைத் திறந்து யானையின் காலை நோக்கி வந்தது, வந்தது, கவ்வியே விட்டது. யானை துதிக்கையைத் தூக்கி ஒரு கூப்பாடு போட்டது பாருங்கள், என் வாயிலிருந்த பஞ்சு கீழே விழுந்துவிட்டது. அந்த இடத்தில் திரை முழுக்க இங்கிலீஷ் எழுத்துகள் குபுகுபுவென்று ஓடிவந்து எல்லாவற்றையும் மறைத்துவிட்டன. அவ்வளவுதான்.

"அடேயப்பா, யானை கூப்புட்டதும் வந்த நம்ம பெருமாள் கதைல்ல இது!" என்று மாமா தொடையில் தட்டினார். "வெள்ளைக்காரன் வரைக்கும் போயிருச்சு பாத்தியா."

யானையின் நெற்றியில் வெள்ளையாக ஏதோ கோடு இருந்ததை நானும் பார்த்திருந்தேன். நாமம்தான், சந்தேகமில்லை.

ஊர் திரும்பி அம்மாவிடமும் அத்தையிடமும் நடந்ததை நடந்தபடிதான் சொன்னேன். என்மேல் அதுவரை தப்பில்லை. அத்தை அரிசி அளந்துகொண்டிருந்தாள். பிடி கையில் இருந்தது.

"கூப்புட்டதும் வந்தாராடி?" என்றாள்.

இல்லை, எழுத்து வந்து மறைத்துவிட்டது என்று சொல்லியிருக்க வேண்டும். அத்தை முகத்தைப் பார்த்தேன். கையிலிருந்த அரிசியைப் போடாமல் அப்படியே பிடித்திருந்தாள். "வந்தாரு" என்றேன். "உடனேயா?" "உடனே!"

ஒரு தடவை வந்துவிட்டவரைப் பிறகு விவரமாகக் கொண்டுவரத்தானே வேண்டும். கருடன்மேல் வந்தார் என்றேன். பச்சைப் பட்டு, பக்கத்துக்கு ஒரு குடை, முன்னால் தீவட்டி, கருடனைத் தண்டில் வைத்து ஆட்கள் தோளில் தூக்கி வந்தார்கள், எதிரே தோல்பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சினார்கள் என்று அடுக்கிக்கொண்டே போனேன். முந்தின சித்திரையில் அழகர் கருட வாகனத்தில் வந்ததைத்தான் அப்பா தோளிலிருந்து பார்த்திருந்தேனே, அதில் குறை ஒன்றும் வைக்கவில்லை.

எங்கள் வீட்டுப் பெண்கள் பார்க்கலாம் என்று அப்பா வகுத்திருந்தது சாமி படம் மட்டும். அதற்கும் லேசில் தலையாட்டமாட்டார். அன்று நான் சொன்னதைக் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு அத்தை பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, "படம் வந்தா சொல்லச் சொல்லு மதுர மாப்ளகிட்ட. எல்லாருமாப் போவோம்" என்றார்.

படம் வருகிற ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து மதுரை மாமா பஸ் கண்டக்டரிடம் ஒரு நோட்டீஸ் கொடுத்தனுப்பினார். ரோஸ் தாளில் மசிபடிந்த யானை. பெருமாள் இல்லை. தாளைத் திருப்பிப் பார்த்தேன், அங்கேயும் இல்லை. ஆனால் அம்மாவே அதற்குக் காரணமும் கண்டுபிடித்துவிட்டாள்: "நோட்டீஸ்ல சாமியப் போட்டா கண்டவக மிதிப்பாகள்ல, அதான் போடல." நோட்டீஸை சாமி மாடத்தில் ஒட்டி, யானைக்குக் குங்குமமும் வைத்தாள்.

அத்தை தினமும் தலைவாரிவிடும்போது கேட்பாள். யானை எத்தனை தடவை கூப்பிட்டது? கூப்பிடும்போது காலில் வலுவிருந்ததா, ஓய்ந்துபோயிருந்ததா? வருகிறவர் தூரத்தில் வரும்போதே யானைக்குத் தெரிந்துவிட்டதா? நான் ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தேன். நேற்றுச் சொன்னதும் இன்று சொல்வதும் ஒத்துப்போக வேண்டுமே என்பதுதான் என் கவலை. அவளுக்கு வேறு கவலை இருக்கும் என்று தோன்றவேயில்லை.

அந்த ஞாயிறு எல்லோரும் தலை முழுகினோம். பெருமாள் வந்த பிறகுதான் சாப்பாடு என்று அப்பா சொல்லிவிட்டார். புளியோதரை தூக்குப்போணியில் ஏறியது. தேங்காய், கற்பூரம், தாம்பாளம், துளசி மாலை. பெட்ரோல் கிடைக்காத காலமென்பதால் கரிப்புகையில் ஓடுகிற பஸ். ஏற்றத்தில் அது நின்று மூச்சு வாங்கியபோதெல்லாம் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். ஒரேயடியாக நின்றுவிடாதா என்று வேண்டிக்கொண்டேன். மதுரை மாமா தியேட்டர் வாசலிலேயே காத்திருந்தார். தாம்பாளத்தைப் பார்த்த டிக்கெட் கிழிக்கிற ஆள், "இது பொம்மப் படம்ல அண்ணே?" என்று தயங்கினான்.

"பெருமாள எதுல வரைஞ்சாலும் பெருமாள்தான்" என்று அப்பா செருப்பை வெளியே கழற்றிவிட்டுப் போனார்.

இடுப்புயரத் தட்டிக்கு இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள். அத்தை என்னை மடியோடு சாய்த்துக்கொண்டாள். படம் ஆரம்பித்து வெகுநேரம் குரங்குகளும் குருவிகளும் ஓடின. அப்பா அதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். குளம் வந்தது. தாமரை வந்தது. யானை இறங்கியது. அத்தை என் கையைப் பிடித்தாள். முதலை வாயைத் திறந்து காலைக் கவ்வியதும் யானை அண்ணாந்து கூப்பிட்டது. அப்பா விருட்டென்று எழுந்தார். மாமா தீக்குச்சியை உரசினார். தாம்பாளத்தில் கற்பூரம் குப்பென்று பற்றிக்கொண்டது. அத்தை பிடித்த பிடியில் என் விரல் வலித்தது. பெருமாளே, எழுத்தையாவது அனுப்பி மறைத்துவிடு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

தியேட்டரே கொல்லென்று சிரித்தது.

கண்ணைத் திறந்தேன். முதலையின் பல்லில் ஒரு பெரிய முள் இருந்தது. யானையின் காலில் தைத்திருந்ததைக் கடித்துப் பிடுங்கியிருக்கிறது! யானை காலை ஊன்றிப் பார்த்துவிட்டு, பறித்த பூவை முதலையின் தலையில் வைத்தது. நெற்றியில் நான் பார்த்த நாமம் வெறும் பிளாஸ்திரி. "யாருய்யா அது தீயக் கொளுத்துறது?", "உக்காருய்யா, மறைக்குது" என்று பின்னாலிருந்து குரல்கள். ஏற்றிய கற்பூரத்தை அணைக்கக்கூடாது என்று அப்பா அது தானாக எரிந்து முடிகிறவரை தாம்பாளத்தோடு நின்றார். முதலைக்கும் யானைக்கும் நடந்த அந்தத் தீபாராதனையை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அன்று நான் அத்தை மடிக்குள் தலையை இழுத்துக்கொண்டேன்.

குளத்தில் தண்ணீர் வற்றிக்கொண்டு வந்ததால் முதலை யானையின் முதுகில் ஏறிக்கொள்ள, இரண்டும் வேறு தண்ணீர் தேடி நடந்தன. மீதிப் படம் முழுக்க நடைதான். அத்தை பிடியை விட்டிருந்தாள்.

"யாரும் வரலல்ல" என்றாள் மெதுவாக.

"நான்தான் அத்தை பொய் சொன்னேன். நான் பாத்ததுல பெருமாளே இல்ல."

"தெரியும்டி. கருடனத் தண்டு போட்டு ஆளுக தூக்கிட்டு வந்தாகன்னு சொன்னியே, அன்னைக்கே தெரியும். பறந்து வாரவருக்குத் தண்டு எதுக்கு?"

"தெரிஞ்சுமா வந்தீக?"

"தெரிஞ்சா மட்டும்?" என்றாள் அத்தை, திரையைப் பார்த்தபடியே. "வந்தாலும் வருவாருல்ல."

வெளியே வந்ததும் அப்பா மதுரை மாமாவைப் பிடித்துக்கொண்டார். "சாம்பிள் ஒண்ணு காட்டி சரக்கு ஒண்ணு குடுக்குறதுதான் உங்க ஊரு ஏவாரமா மாப்ள?" நூறு கஜ வாய்க்கார மாமா குனிந்து அப்பாவின் செருப்பைத் தேட ஆரம்பித்தார். அடுத்தது நான்தான். அப்பா என்னை முன்னால் இழுத்து, "நீ பாத்தியா பெருமாள?" என்றார். தலையை இல்லையென்று ஆட்டினேன். அவர் கை மேலே எழுந்தது. கன்னத்தை இறுக்கிக்கொண்டேன். கை என் தலைமேல் வந்து உட்கார்ந்து, கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. "பசிக்குதாம்மா?" என்றார்.

கொண்டுவந்த தேங்காயை உடைக்காமல் திருப்பிக்கொண்டு போகக்கூடாது. கூடலழகர் கோயிலுக்கு நடந்தோம். தேங்காய் உடைத்து, சேவித்து, பிரகாரத்தின் ஓரத்தில் புளியோதரையைப் பிரித்தோம். வெளியே வரும்போது கோயில் வாசலில் பூக்காரி கூவிக்கொண்டிருந்தாள். அப்பா பூ வாங்கி நான் பார்த்ததேயில்லை. அது பெண்பிள்ளைகள் காரியம் என்பார். அன்று தானாகப் போய் இரண்டு முழம் மல்லிகை வாங்கி, வாழையிலைப் பொட்டலத்தை அம்மாவைத் தாண்டி நீட்டி, அத்தையிடம் கொடுத்தார்.

அத்தை வாங்கவில்லை. அவரையே பார்த்தாள்.

"வச்சுக்கம்மா" என்றார் அப்பா, கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு. "நான் இருக்குற வரைக்கும் நீ வச்சுக்க. யாரும் ஒரு சொல்லு சொல்லமாட்டாக."

அத்தை நெடுநேரம் கழித்து வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். தனக்குப் பூ வாங்கிக் கொடுக்கவில்லையே என்று அழுகிறாள் என நினைத்து, எனக்கு அம்மாமேல் பாவமாகவும் அப்பாமேல் கோபமாகவும் இருந்தது. பொய் சொன்ன எனக்கு அடியில்லை, ஒரு பாவமும் அறியாத அம்மாவுக்குப் பூவில்லை. அப்பாவின் நியாயம் எனக்குப் பிடிபடவில்லை.

நான் கல்யாணமாகிப் போன பிறகுதான் அம்மா சொன்னாள். மேலூர்ப் பக்கத்து ஆள் களத்துமேட்டில் சொன்னது, ஒரு மலைக்கணவாயில் காய்ச்சலில் கிடந்த ரங்கூன் மாமாவைத் தன் கையாலேயே மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்ததைத்தான். சாவுச் சேதி கேட்டால் தலைமுழுக வேண்டும். அப்பா முழுகினார். ஆனால் வாய்விட்டுச் சொன்னால் தங்கையின் பூவையும் பொட்டையும் எடுத்துவிடுவார்கள். இருபத்திரண்டு வயது. அதனால் சொல்லவில்லை. சொட்டுகிற வேட்டியைப் பார்த்தவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. அப்பாவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், அத்தைக்குத் தெரியும். தெரிந்துகொண்டே மூன்று பேரும் பட்டினியோடு அந்தத் தியேட்டரில் உட்கார்ந்து, கூப்பிட்ட குரலுக்கு ஒருவர் வருவதைப் பார்க்கக் காத்திருந்திருக்கிறார்கள். அத்தை கடைசிவரை பூவும் பொட்டுமாகத்தான் இருந்தாள். யாரும் அவளிடம் எதையும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் வீடு வந்ததும் அத்தை அரிசி அளந்தாள். களைந்து உலையில் போட்டுப் பானையை மூடினாள். நான் தூக்கக் கலக்கத்தில் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலையில் எழுந்ததும் வழக்கம்போல அடுக்களைக்கு ஓடித் பழைய சோற்றுச் சட்டியைத் திறந்தேன். காலியாக, கழுவிக் கவிழ்த்து வைக்காத குறையாக இருந்தது. "ரங்கூன் மாமா சோறு எங்கே?" என்றேன். பொய் சொன்னதற்குத் தண்டனை இதுதான் என்று எனக்கு விளங்கிவிட்டது. அடி வாங்கியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தரையில் உட்கார்ந்து காலை உதைத்துக்கொண்டு, மாமா சோறு, மாமா சோறு என்று வீடு அதிர அழுதேன். அம்மா ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள்.

"விடுங்க மதினி" என்றாள் அத்தை. "பிள்ள அழட்டும்."

என்னைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். நேற்றைய மல்லிகை வாடி அவள் தலையில் இருந்தது. என் முதுகைத் தட்டிக்கொண்டே, "அழுடி. நல்லா சத்தமா அழு" என்றாள். எல்லோரும் அழாதே என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம். ஒருத்தி அழச் சொன்னதும் எனக்கு இன்னும் வேகம் வந்துவிட்டது. கிணற்றடியில் அப்பா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாளியும் கயிறுமாக நின்றார், தண்ணீர் இறைக்காமல்.

அந்த வீட்டில் ரங்கூன் மாமாவுக்காக வாய்விட்டு அழுதது நான் ஒருத்திதான். பழைய சோறு இல்லையே என்று அழுதேன்.